கடன்பட்ட விழிப்பு

தேர்வுக்காலம் நெருங்கிவிட்டால் விடுதி அறைகளில் விளக்குகள் அணைவதில்லை. பகலெல்லாம் கைபடாமற் கிடந்த பாடநூல்கள் இரவு பதினொரு மணிக்கு மேல் உயிர்பெறுகின்றன; தேநீர்க் குவளைகள் அடுத்தடுத்து வெறுமையாகின்றன. அதுவும் போதாதென்று உறக்கத்தை விரட்டும் மாத்திரைகளைத் தேடிச் செல்வோரும் மாணவருலகில் உண்டு. உறங்காது கழித்த இரவுகளைப் பெருமையாக எண்ணிச் சொல்லும் வழக்கமும் நம்மிடையே இருக்கிறது. இம்மருந்துகள் உடலினுள் எதைச் செய்கின்றன, எதைச் செய்ய இயலாதவை என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம்.

உறக்கம் எங்ஙனம் வருகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மூளையின் உயிரணுக்கள் ஆற்றலைச் செலவிட்டு இயங்கும்போது அடினோசின் என்னும் பொருள் சிறுகச் சிறுகச் சேர்கிறது. விழித்திருக்கும் நேரம் நீள நீள அதன் அளவும் கூடும். உயிரணுக்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் எனப்படும் அமைப்புகள் உள்ளன. அடினோசின் அவற்றிற் சென்று பொருந்தும்போது மூளையின் வேகம் தணிகிறது, கண்கள் சொக்குகின்றன. நன்கு உறங்கி எழுந்தால் சேர்ந்தது குறைந்துவிடும். காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபின், அமைப்பில் அடினோசினைப் பெரிதும் ஒத்தது. ஆகவே அது அமர வேண்டிய இடத்தில் இது முந்திச் சென்று அமர்ந்துகொள்கிறது. கடன் கொடுத்தவர் வாயிலில் நிற்பதறிந்து கதவைத் தாழிட்டுக்கொள்வது போன்றதே இச்செயல். நின்றவர் போய்விடவில்லை, வட்டியும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. உட்கொண்ட காஃபினில் பாதி உடலை விட்டு நீங்கவே பொதுவாக ஐந்து மணி நேரம் ஆகும். இஃது ஆளுக்காள் வேறுபடும் எனினும், மாலை ஆறு மணிக்கு அருந்திய காப்பியின் ஒரு பகுதி நள்ளிரவிலும் பணியாற்றிக்கொண்டிருக்கிறது என்பதில் ஐயமில்லை.

காப்பி உலகறிந்த பானமானதே இந்த விழிப்பின் பொருட்டுத்தான். 15-ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள் இரவு நேர திக்ரில் சோர்வின்றி ஈடுபட அதனை அருந்தினர். 1511-இல் மக்காவில் மம்லூக் அதிகாரியாக இருந்த காயிர் பேக் அதற்குத் தடை விதித்ததும், கெய்ரோவிலிருந்து வந்த ஆணையால் அத்தடை தளர்ந்ததும் வரலாறு. ஆயினும் அளவு கடந்த விழிப்பைப் பற்றிய எச்சரிக்கை அதற்கு நெடுங்காலம் முன்பே விடுக்கப்பட்டதுண்டு. பள்ளிவாசலில் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டு வினவினார்கள். இரவுத் தொழுகையில் சோர்வு வரும்போது பற்றிக்கொள்வதற்காக அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் கட்டியது என்றறிந்ததும் அதனை அவிழ்க்கச் செய்தார்கள் என்பது நபிமொழி நூல்களில் பதிவாகியுள்ளது. வணக்கத்திற்கே அந்தக் கயிறு வேண்டாம் எனில், வேதியியல் பாடத்திற்கு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

காஃபின் கதவைத் தாழிடுகிறது என்றால், ஆம்ஃபிடமின் வகை மருந்துகள் களைத்த குதிரையைச் சாட்டையால் அடிக்கின்றன. மூளையில் டோப்பமின், நார் அட்ரினலின் முதலியவற்றை அளவுக்கு மீறிச் சுரக்கச் செய்து பசியையும் களைப்பையும் மறக்கடிப்பவை இவை. 1887-இல் பெர்லினில் லசார் எடிலேயானு என்னும் ருமேனிய வேதியியலாளர் ஆம்ஃபிடமினை முதன்முதலில் உருவாக்கினார். 1938-இல் அதன் நெருங்கிய உறவான மெத்தாம்ஃபிடமின், பெர்விட்டின் என்ற பெயரில் ஜெர்மானியக் கடைகளுக்கு வந்தது. இராணுவ மருத்துவர் ஓட்டோ ராங்கே அதனை முதலிற் சோதித்துப் பார்த்தது யாரிடம் தெரியுமா? பல்கலைக்கழக மாணவரிடம்! மாணவர்கள் விழித்திருந்தனர், கணக்குகளை விரைந்தும் போட்டனர், ஆனால் பிழைகளும் கூடின. படைக்கு விழிப்புப் போதும், பிழை பொருட்டன்று போலும். 1940-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரையில் மட்டும் சற்றேறக்குறைய மூன்றரைக் கோடி மாத்திரைகள் ஜெர்மானியப் படைகளுக்கு அனுப்பப்பட்டன. பின்னாளில், 1972-இல், இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிஷ் போல், 1939-இல் இளம் படைவீரராகப் போலந்திலிருந்து தம் வீட்டாருக்கு எழுதிய மடலில் பெர்விட்டின் அனுப்புமாறு கேட்டிருக்கிறார். 1941-இல் அந்த அரசே அதனை அபினிச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவர நேர்ந்தது. போர்க்காலத்தில் இதே மருந்தைப் பயன்படுத்திய ஜப்பானில், போர் முடிந்தபின் மிச்சமிருந்த கையிருப்பு மக்களிடையே பரவிப் பெருங்கேடு விளைவித்தது. 1951-இல் தனிச்சட்டம் இயற்றியே அதனைக் கட்டுப்படுத்தினர். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ஆம்ஃபிடமினையும் உள்ளடக்கியது.

இன்று மாணவரிடையே பேசப்படுவது மோடஃபினில். இது பிரான்சில் உருவாக்கப்பட்டது. அமெரிக்காவில் 1998-இல் ஒப்புதல் பெற்றது. பகற்பொழுதிலேயே அடக்க இயலாத உறக்கம் வந்து வீழ்த்தும் நார்கோலெப்சி என்னும் நோய்க்குரிய மருந்து இது. அந்நோயாளருக்கு இது நல்வாழ்வளிக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத இதனை, நோயற்ற இளைஞர் தேர்வுக்காக விழுங்குவதே தவறு. கனடாவில் ஆய்வாளர் இருவர், 64 மணி நேரம் உறங்காதிருந்தோரிடம் இம்மருந்தைச் சோதித்து 1997-இல் முடிவை வெளியிட்டனர். மருந்துண்டோர் தம் திறனை உள்ளதினும் மிகுதியாக மதிப்பிட்டனர் என்பது அவர்கள் கண்டது. விழிப்போடு சேர்த்துத் தன்னம்பிக்கையையும் இது பொய்யாகக் கூட்டுகிறது. விடைத்தாளில் எழுதுவது சரியா தவறா என ஐயுறும் ஆற்றல் மங்கிய நிலையில் தேர்வு மண்டபத்தில் அமர்வது எத்தகைய இடர் என்பதை மாணவரே எண்ணிப் பார்க்கட்டும்.

இவை எல்லாவற்றினும் பெரிய இழப்பு மற்றொன்று. 1924-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர், மாணவர் இருவரைக் கொண்டு ஓர் எளிய ஆய்வு நிகழ்த்தினர். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தபின் மாணவர்கள் சிலபோது உறங்கினர். சிலபோது விழித்தே இருந்தனர். எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தபின் நினைவில் நின்ற அசைகள், அதே நேரம் விழித்திருந்தபின் நின்றவற்றைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதி. பகலில் கற்றதை மூளை உறக்கத்தின்போது மீண்டும் இயக்கி நிலைப்படுத்துகிறது எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. இந்தப் பணியை எந்த மாத்திரையும் செய்து தருவதில்லை. படித்ததை நெஞ்சில் பதிக்க வேண்டிய மணித்துளிகளை விலையாகக் கொடுத்தே மேலும் சில பக்கங்களை வாங்குகிறோம்.

இரவெல்லாம் விழித்த மாணவர் காலையில் இருசக்கர வண்டியில் தேர்வுக்கு விரைவதைப் பெற்றோர் பலர் பார்த்திருப்பர். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைவேகமும் கண்கூர்மையும், குருதியில் 0.05 விழுக்காடு சாராயம் கலந்தவரின் நிலைக்கு இறங்குகின்றன என்று ஆஸ்திரேலிய ஆய்வொன்று 1997-இல் கண்டது. 24 மணி நேரமாயின் அது 0.10 விழுக்காட்டுக்கு ஒப்பாகும். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு வகுத்த எல்லை 0.03 விழுக்காடு. மதுவின் வாடையே அறியாத நம் வீட்டுப் பிள்ளை அவ்வெல்லையின் மும்மடங்கைக் கடந்த நிலையில் சாலையில் செல்கிறான். வழியில் நிறுத்தி ஊதச் சொன்னாலும் காவலரின் கருவி எதையும் காட்டாது.