தங்க ரேக்கு ஊர் கனஸாவா

தங்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொள்வோம், பீரோவில் வைத்துப் பூட்டுவோம். ஐஸ்கிரீமின் மேல் போர்த்திச் சாப்பிடுகிற ஊர் எது, தெரியுமோ? ஜப்பான் கடல் ஓரம் இருக்கும் கனஸாவா நகரம்தான்! பெயருக்கே 'தங்கச் சதுப்பு' என்று அர்த்தம். கிழங்கு தோண்டிப் பிழைத்த ஏழை ஒருவன் அதைக் கழுவியபோது தண்ணீரில் பொன் துகள் மின்னியதாம்!

பிணையாகப் போன தாய்

1583-ல் மயேதா தோஷியீயே என்ற பிரபு இங்குள்ள கோட்டைக்குக் குடிவந்தார். 1599-ல் அவர் காலமானார். அப்போது நாட்டின் பிடி தொகுகவா இயேயாசுவின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. 'பிரபுவின் மகன் தோஷினாகா சதி செய்கிறான்' என்று பேச்சுக் கிளம்பி, போர் மூளும் நிலை வந்துவிட்டது.

பிரபுவின் மனைவி மாட்சு என்ன செய்தார் தெரியுமா? மகனுக்காகத் தானே பிணையாக, 1600-ல் எடோவுக்குப் புறப்பட்டார். இன்றைய டோக்கியோதான் அன்றைய எடோ. போர் மூளவில்லை. ஆனால் 14 வருஷம் அந்தத் தாய்க்கு அங்கேயே வாசம். 1614-ல் தோஷினாகா இறந்த பிறகுதான் ஊர் திரும்ப முடிந்தது. எந்த மகனுக்காகப் போனாரோ, அவன் இல்லை.

அரிசியும் கலையும்

ஒரு ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அரிசிக்கு 'கோக்கு' என்று பெயர். மயேதா பிரபுக்களின் சீமைக்குப் பத்து லட்சம் கோக்குக்கு மேல் விளைச்சல்! இவ்வளவு பணத்தை ஆயுதத்தில் போட்டால் மறுபடி சந்தேகம் வருமே? அதனால் தேநீர்க் கலை, அரக்கு வேலை, பட்டுச் சாயம், தங்க வேலை என்று செலவழித்தார்கள். இரண்டாம் உலகப் போரிலும் இங்கே குண்டு விழவில்லை. பழைய தெருக்களும் கைத்தொழிலும் பிழைத்தன.

ஜப்பானின் தங்க ரேக்கு ஏறக்குறைய முழுவதும் இங்கேதான் தயாராகிறது. கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! மூச்சுப் பட்டாலே பறந்துவிடும். மூங்கில் இடுக்கியால்தான் எடுப்பார்கள்.

பார்க்க வேண்டியவை

கென்ரோகுஎன் தோட்டம் 1874-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பனியின் பாரத்தில் கிளை முறியாமலிருக்க, நவம்பர் முதல் தேதியிலிருந்து மரங்களுக்குக் கயிறு கட்டத் தொடங்குவார்கள். விரித்த குடைக் கம்பிகள் மாதிரி, அவ்வளவு அழகு! 1820-ல் உருவான ஹிகாஷி சாயா தெருவில் மரச்சட்ட வீடுகள் வரிசையாக நிற்கும். நண்டும் இறாலும் குவிந்து கிடக்கும் ஓமிச்சோ சந்தையையும் விடாதீர்கள்.

2015 முதல் டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயில் நேராக வருகிறது. சுமார் இரண்டரை மணி நேரப் பயணம். மழை அதிகம். 'சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே' என்பது இந்த ஊர்ப் பழமொழி!

கிளம்புமுன் ஓயாமா கோவிலுக்கும் போய் வாருங்கள். வாசல் கோபுரத்தின் உச்சியில் வண்ணக் கண்ணாடி பதித்திருக்கும். அங்கே பிரபுவுடன் மாட்சுவையும் தெய்வமாக வணங்குகிறார்கள்.