கோடு ஒன்று, கோளாறு இரண்டு

ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 2.0 டிடிஐ காமன் ரெயில் டீசல் இன்ஜின் பொருத்திய காரை நெடுநாள் வைத்திருப்பவர்களில் பலருக்கு 'பி2015' என்ற எண் மனப்பாடம். ஜெட்டா, பஸாட், ஸ்கோடாவின் லாரா, சூப்பர்ப் எனப் பல பெயர்களில் நம்மூர்ச் சாலைகளிலும் ஓடும் கார்கள் இவை. ஒருநாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். சில நேரம் வண்டியின் இழுவையும் குறையும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகினால் பிழைக் கோடாக இந்த எண் வரும். கோடை அழித்தால் விளக்கு அணையும், சில வாரத்தில் மறுபடி எரியும். பிறகு சென்சாரை மாற்றுவார்கள், அதுவும் கேட்காவிட்டால் இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிபோல்டு முழுவதையுமே மாற்றச் சொல்வார்கள். புது மேனிபோல்டு போட்ட வண்டியும் சில வருடம் கழித்து அதே எண்ணோடு திரும்பி வருவதுதான் இதில் வேதனை.

இந்த எண் சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததில்தான் செலவு தொடங்குகிறது. இதற்கு முந்தைய எண்ணான பி2014, மேனிபோல்டு ஃப்ளாப்பின் நிலையைக் காட்டும் சென்சாரின் மின்சுற்றிலேயே பழுது என்பதைக் குறிப்பது. பி2015 வேறு. சென்சாரிடமிருந்து வரும் அளவு எதிர்பார்த்த எல்லைக்குள் இல்லை என்பதே அதன் பொருள். சென்சார் தப்பாகக் காட்டுகிறதா, ஃப்ளாப் உண்மையிலேயே தப்பான இடத்தில் நிற்கிறதா என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. இந்த இன்ஜினில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. உள்ளதை உள்ளபடி சொன்ன சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டு, பழுதை அப்படியே விட்டுவிடுகிறோம்.

மேனிபோல்டுக்குள் ஃப்ளாப் எதற்கு? டீசல் இன்ஜினில் காற்று தனியாக உள்ளே போகிறது. பிஸ்டன் அதை அழுத்திச் சூடேற்றிய கடைசிக் கட்டத்தில்தான் டீசல் பீய்ச்சப்படுகிறது. இரண்டும் கலப்பதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு, அதனால் காற்று உள்ளே போகும்போதே சுழன்றபடி போனால் நல்லது. இந்த இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு காற்று வழிகள் உண்டு. குறைந்த வேகத்தில் ஒன்றை ஃப்ளாப் மூடிக்கொள்ளும். மற்றொன்றின் வழியே காற்று விரைந்து புகுந்து சுழலும், டீசல் நன்றாக எரியும், புகை குறையும். இன்ஜின் வேகம் நிமிடத்துக்கு 3,000 சுற்றை நெருங்கும்போது காற்று நிறையத் தேவைப்படும், ஃப்ளாப் முழுதாகத் திறந்துவிடும். நல்ல ஏற்பாடு. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

குறை அதே பாதையில் வந்து சேரும் இன்னொன்றால் வருகிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றே குறைவாக இருப்பது நைட்ரஜன். சிலிண்டருக்குள் வெப்பம் மிக உயரும்போது அது ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது. நுரையீரலை அரிக்கும் வாயுக்கள் இவை, வெயிலில் ஓசோன் புகைமூட்டம் உருவாகவும் காரணமாகின்றன. அந்த வெப்பத்தைக் குறைக்க, வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி மீண்டும் காற்றுப் பாதைக்குள்ளேயே விடுகிறார்கள். மெக்கானிக்குகள் ஈஜிஆர் என்று சொல்வது இந்த அமைப்பைத்தான். புகையோடு கரித்தூளும் வருகிறது. இன்னொரு பக்கம், பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் வாயு, இன்ஜின் ஆயில் ஆவியைச் சுமந்தபடி பிரீதர் குழாய் வழியாக இதே காற்றுப் பாதைக்கு வருகிறது. கரித்தூள் தனியாக வந்தால் பாதி பறந்துபோகும். ஆயில் ஆவி தனியாக வந்தால் எரிந்துபோகும். இரண்டும் சேரும்போது வண்டி மை போலக் கறுத்த, பிசுபிசுத்த கசடாகிச் சுவரில் அப்பிக்கொள்கிறது. நகரத்துக்குள் இன்ஜின் சூடேறும் முன்பே நிறுத்தப்படும் குறுகிய ஓட்டங்களில் இது இன்னும் வேகமாகப் படிகிறது.

இப்போது அந்த மேனிபோல்டின் வெளிப்புறத்தை நெருங்கிப் பாருங்கள். ஒரு சின்ன மின்மோட்டார் இருக்கும், நிலையைக் காட்டும் சென்சாரும் அதற்குள்ளேயே. மோட்டாரின் கை ஓர் இணைப்பு வழியாக, ஃப்ளாப்கள் கோத்த தண்டின் லிவரைத் தள்ளும், இழுக்கும். லிவர் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே ஒரு தடுப்பு. மேனிபோல்டைப் போலவே அந்தத் தடுப்பும் பிளாஸ்டிக். இன்ஜினின் சூட்டில் வருடக்கணக்கில் லிவர் வந்து மோதி மோதி அது தேய்கிறது. தேய்ந்த அளவுக்குக் கை எல்லை தாண்டிப் போகிறது. தேய்மானம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, ஆனால் சென்சாரின் மின்னழுத்த அளவில் தெளிவாகத் தெரியும். கட்டுப்பாட்டுக் கணினி பி2015-ஐப் பதிந்து விளக்கை எரியவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான பழுதும் உண்டு. கசடு தண்டைச் சுற்றி இறுகிவிட்டால் ஃப்ளாப் பாதி வழியிலேயே சிக்கி நிற்கும். கை போகவேண்டிய தூரம் போகாது. அப்போதும் வருவது அதே பி2015-தான். கூடுதலாகப் போனாலும் ஒரே எண், குறைவாகப் போனாலும் ஒரே எண். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்கு உதவாது.

இணைப்பை மோட்டாரிலிருந்து விடுவித்துவிட்டு லிவரைக் கையால் அசைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். தடையில்லாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தால் கசடு குற்றவாளி இல்லை. அரைபட்டால், பாதியில் நின்றால், மேனிபோல்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஸ்கேனரில் கோடை மட்டும் படிக்காமல், கணினி கேட்கும் நிலையையும் ஃப்ளாப் நிற்கும் நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மீதி விடையும் வந்துவிடும். இந்த இரண்டு சோதனையையும் செய்யாமல் பாகத்தை மாற்றுவது குருட்டு வைத்தியம்.

தடுப்புதான் தேய்ந்தது என்று உறுதியானால், மோட்டார் பக்கத்தில் ஒரு சிறு உலோகப் பட்டையைப் பொருத்துகிறார்கள். தேய்ந்த பிளாஸ்டிக் செய்ய வேண்டிய வேலையை அது ஏற்று, லிவரைச் சரியான இடத்தில் நிறுத்துகிறது. மேனிபோல்டின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை ஒரு பொருட்டே இல்லை. பொருத்தியபின் ஃப்ளாப்பின் இரு எல்லைகளையும் கணினிக்கு ஸ்கேனர் வழியாகப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு "பட்டை போட்டும் சரியாகவில்லை" என்று கைவிடுபவர்கள் உண்டு. உலோகம் போட வேண்டிய இடத்தில் ஆரம்பத்திலேயே உலோகம் போட்டிருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. எடையும் செலவும் மிச்சமாகும் என்ற கணக்கில் ஒரு தடுப்பைப் பிளாஸ்டிக்கில் செய்து, அந்தச் செலவைப் பத்து வருடம் கழித்து வண்டி வாங்கியவர் தலையில் கட்டுவது நல்ல பொறியியல் ஆகாது.

கசடுதான் காரணம் என்றால் குறுக்குவழி கிடையாது. மேனிபோல்டைக் கழற்றி, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கரைசலில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, புது கேஸ்கெட் வைத்து மாட்ட வேண்டும். ஈஜிஆர் வால்வையும் பிரீதரையும் கூடவே பார்க்க வேண்டும். கசடு வரும் வழிகள் அவை. ஓடிக்கொண்டிருக்கும் டீசல் இன்ஜினின் காற்றுப் பாதைக்குள் கிளீனர் திரவத்தைக் கண்டபடி அடிப்பது மட்டும் கூடாது. டீசல் இன்ஜினுக்கு எரியக்கூடிய எது உள்ளே போனாலும் எரிபொருள்தான். கட்டுக்கு அடங்காமல் வேகமெடுத்துத் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

ஃப்ளாப்களையே கழற்றிவிடலாம் என்பார்கள் சிலர். பிஎம்டபிள்யூவின் பழைய எம்47, எம்57 டீசல் இன்ஜின்களில் உலோக ஃப்ளாப்கள் உடைந்து சிலிண்டருக்குள் விழுந்து இன்ஜினையே நாசமாக்கியதுண்டு. அங்கே கழற்றி அடைத்ததில் ஒரு நியாயம் இருந்தது. இங்கே தேய்வது வெளியே இருக்கும் தடுப்பு, அதற்காக உள்ளே நன்றாக வேலை செய்யும் ஃப்ளாப்பைப் பலிகொடுக்கத் தேவையில்லை.

ஈஜிஆரை அடைத்துவிடும் யோசனையை நான் இன்னும் கடுமையாக எதிர்க்கிறேன். கசடு குறையும் என்பது உண்மைதான், ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகள் எகிறும். 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை ஃபோக்ஸ்வாகன்மீது சுமத்திய மோசடிக் குற்றச்சாட்டும் இதே வாயுக்களைப் பற்றியதுதான். சோதனைக்கூடத்தில் ஒரு மாதிரியும் சாலையில் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும் மென்பொருள், உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இருந்தது. நம் டீசல் கார்களின் பியூசி சோதனையில் புகையின் கருமையை மட்டும்தான் அளக்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதில்லை. ஈஜிஆர் அடைத்த வண்டியும் அதில் சுலபமாகத் தேறிவிடும். அது வெளிவிடுவதைச் சுவாசிப்பவர்கள் பின்னால் பைக்கில் வருபவர்களும் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பிள்ளைகளும்.

மஞ்சள் விளக்கோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவர் பில் போடும் முன் இரண்டு கேள்வி கேட்கலாம். லிவரைக் கையால் அசைத்துப் பார்த்தீர்களா, கணினி கேட்ட நிலைக்கு ஃப்ளாப் போகவில்லையா, தாண்டிப் போகிறதா? மேனிபோல்டையே மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பழையதைக் கையில் வாங்கிப் பாருங்கள். அதன் லிவரும் தடுப்பும் மோதும் இடத்தை விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். பள்ளமும் இல்லை, கசடும் இல்லை என்றால், மாற்ற வேண்டியிருந்தது வேறொன்று.