ஸ்கோர் கார்டின் பின்பக்கம்

2010 ஆகஸ்ட் 15. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டிய விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் கோல்ஃப் மைதானம். பிஜிஏ சாம்பியன்ஷிப் போட்டியின் கடைசி நாள், கடைசிக் குழி. ஆட்டக்காரர் டஸ்டின் ஜான்சன் ஒரு ஸ்ட்ரோக் (ஓர் அடி) முன்னிலையில் இருக்கிறார். அவர் அடித்த முதல் பந்து வலப்பக்கம் விலகிப் பார்வையாளர் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. நான்கு நாளாக ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து மிதித்த இடம் அது. கால்தடமும் குப்பையுமாகக் கிடந்த கொஞ்சம் மணல். கூட்டத்தை விலக்கிவிட்டு, மட்டையின் அடிப்பாகத்தைப் பந்துக்குப் பின்னால் தரையில் ஊன்றி, குறி பார்த்து அடித்தார்.

அந்தக் குழியை 5 ஸ்ட்ரோக்கில் முடித்தபோது மூன்று பேர் சமநிலை, இனி பிளே-ஆஃப் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அப்போது விதி அதிகாரி அவரிடம் வந்தார். நீங்கள் மட்டையை ஊன்றிய இடம் மணற்குழி. மணற்குழியில் அடிப்பதற்கு முன் மட்டையை மணலில் ஊன்றக் கூடாது. இரண்டு ஸ்ட்ரோக் அபராதம் என்றார். 5 என்பது 7 ஆயிற்று. பிளே-ஆஃபில் ஆட வேண்டியவர் ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டு வெளியேறினார். மார்ட்டின் கைமர் பிளே-ஆஃபில் பப்பா வாட்சனை வென்று கோப்பையை எடுத்தார்.

அது மணற்குழி என்று ஜான்சனுக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததில் வியப்பும் இல்லை. ஒருகாலத்தில் தட்டையாகக் கிடந்த ராணுவப் பயிற்சி நிலம் அது. வடிவமைப்பாளர் பீட் டை அங்கே லாரி லாரியாக மண்ணும் மணலும் கொட்டி மேடுபள்ளம் உண்டாக்கினார். மணற்குழிகள் மட்டும் ஆயிரத்தை ஒட்டி இருக்கும். எது மணற்குழி, எது வெறும் மணல் என்று கண்ணால் பிரிக்க முடியாத நிலம். 2004இல் இதே மைதானத்தில் ஸ்டூவர்ட் ஆப்பிள்பியும் இதே குழப்பத்தில் அபராதம் வாங்கியிருந்தார். அதனால்தான் 2010 போட்டிக்கு முன் கமிட்டி ஒரு தாள் அச்சிட்டு ஆட்டக்காரர்களின் அறைகளில் ஒட்டியது. மணற்குழியாக வெட்டப்பட்ட எல்லா இடமும் மணற்குழிதான், பார்வையாளர்களுக்கான கயிற்றுக்கு வெளியே இருந்தாலும், கூட்டம் மிதித்திருந்தாலும், வண்டித் தடம் பதிந்திருந்தாலும் அப்படித்தான் என்று அதில் இருந்தது. அந்தத் தாளின் முதல் விதியே இதுதான். ஜான்சன் அதைப் படிக்கவில்லை.

அந்தத் தாளுக்குப் பெயர் 'லோக்கல் ரூல்ஸ்', உள்ளூர் விதிகள். சாதாரண மைதானங்களில் அது ஸ்கோர் கார்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது அறிவிப்புப் பலகையில் தொங்கும். முன்பக்கத்தில் கணக்கு எழுதுகிற பலர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

கோல்ஃபுக்கு உலகம் முழுவதும் ஒரே விதிநூல். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும், அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏவும் சேர்ந்து அதை எழுதுகின்றன. 2019இல் 34 விதிகளை 24 ஆகச் சுருக்கினார்கள். 2023இல் மாற்றுத்திறனாளி ஆட்டக்காரர்களுக்கான விதி சேர்ந்து 25 ஆனது. இத்தனையும் இருந்தும் உள்ளூர் விதி எதற்கு? கிரிக்கெட்டில் ஆடுகளம் 22 கஜம் என்றால் எங்கும் 22 கஜம்தான். டென்னிஸ் கோர்ட்டும் அப்படியே. கோல்ஃப் மைதானம் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஓரிடத்தில் கடற்கரை மணல், ஓரிடத்தில் மலைச்சரிவு, இன்னோரிடத்தில் நடுவே ஓடை, சாலை, ரயில்பாதை. பந்து கிடக்கும் இடத்திலிருந்தே அடி என்பது கோல்ஃபின் அடிப்படை. அந்த 'இடம்' என்ன என்று யாராவது சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லும் உரிமையும் கடமையும் மைதானத்தின் கமிட்டிக்கு உண்டு.

இது பிற்காலத்தில் ஒட்டவைத்த ஏற்பாடு இல்லை. நம் கைக்கு வந்திருக்கும் மிகப் பழைய கோல்ஃப் விதிகள் 1744இல் எடின்பரோவை அடுத்த லீத் நகரில் எழுதப்பட்டவை. மொத்தம் 13. அவற்றில் கடைசி விதி அந்த லீத் புல்வெளியைத் தவிர வேறெங்கும் செல்லாது. புல்வெளியைக் காக்க வெட்டிய அகழியும் வரப்பும், 'மாணவர் குழிகள்', 'சிப்பாய் வரிசை' என்று அந்த ஊரார் அழைத்த இடங்களும் தடையாகக் கருதப்படாது. அங்கே விழுந்த பந்தை வெளியே எடுத்து சிறு மேட்டில் வைத்து இரும்பு மட்டையால் அடிக்க வேண்டும் என்கிறது அது. உலக விதியும் உள்ளூர் விதியும் ஒரே தாளில் பிறந்தவை.

இன்றைய உள்ளூர் விதிகளில் பாதி, எது என்ன என்று பெயர் சூட்டுகிற வேலைதான். வெள்ளைக் கம்பு நட்டால் அதற்கு அப்பால் எல்லைக்கு வெளியே. சிவப்போ மஞ்சளோ நட்டால் அபராதப் பகுதி, பெரும்பாலும் குளமும் ஓடையும். கம்பின் தலையில் பச்சை இருந்தால் அதற்குள் நின்று அடிக்கவே கூடாது. புதிதாக நட்ட செடியையோ அரிய தாவரத்தையோ காப்பதற்காக அந்த ஏற்பாடு. பழுதுபார்க்கும் நிலம் என்று கோடு போட்டிருந்தால் அபராதம் இல்லாமல் பந்தை எடுத்து வெளியே போட்டுக்கொள்ளலாம்.

ஒரு சாலையை எடுத்துக்கொள்வோம். பொது விதிப்படி, செயற்கைத் தளம் போட்ட சாலையில் பந்து நின்றால் அபராதமின்றி எடுத்துப் போடலாம். கமிட்டி ஒரு வரி எழுதி அதே சாலையை 'மைதானத்தின் உடலோடு சேர்ந்தது' என்று அறிவித்தால் அந்தச் சலுகை போய்விடும். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸின் 17ஆம் குழிக்கு 'ரோடு ஹோல்' என்றே பெயர். குழி இருக்கும் கிரீன் புல்தளத்துக்குப் பின்னால் ஒரு சாலை, அதற்குப் பின்னால் கல்மதில். சாலையில் விழுந்தால் சாலையிலிருந்தே அடிக்க வேண்டும். மதிலை ஒட்டி நின்றாலும் சலுகை இல்லை, அது எல்லைச்சுவர். 1984 ஓபனில் டாம் வாட்சனின் பந்து அந்தச் சாலையைத் தாண்டி மதிலருகே போய் நின்றது; பட்டம் செவெ பயெஸ்டெரோஸிடம் போனது. 2010இல் மிகேல் ஆங்கெல் ஹிமெனெஸ் அதே மதிலடியில் மாட்டிக்கொண்டார். கிரீனுக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை மதிலின் மேல் அடித்தார். அது திரும்பித் தலைக்கு மேலே பறந்து கிரீனில் வந்து விழுந்தது. சலுகை கொடுத்திருந்தால் அந்த அடி நடந்தே இருக்காது. அந்தச் சாலைக்குச் சலுகை மறுத்த கமிட்டி சரியாகவே செய்தது என்பது என் எண்ணம்.

கொழும்பு ராயல் கோல்ஃப் கிளப்பின் மைதானத்துக்கு நடுவே களனிவெளி ரயில்பாதை போகிறது. தண்டவாளத்தை வெறும் செயற்கைத் தடை என்று விட்டுவிடலாம். எல்லைக்கு வெளியே என்றும் அறிவிக்கலாம். மைதானத்தின் பகுதி என்றும் சொல்லலாம். ஒரே தண்டவாளம், மூன்று வேறு ஆட்டங்கள். புதிதாக ஒரு மைதானத்துக்குப் போகிறவர் முதல் பந்தை அடிக்கும் முன் பின்பக்கத்தைப் படிக்க வேண்டியது இதற்காகத்தான்.

மணலும் அப்படியே. விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் விவகாரம் நடந்து இரண்டு ஆண்டு கழித்து, 2012 பிஜிஏ சாம்பியன்ஷிப் தென் கரோலினாவின் கியாவா தீவில் நடந்தது. அங்கும் திரும்பிய பக்கமெல்லாம் மணல். இந்த முறை கமிட்டி நேர் எதிராக முடிவெடுத்தது: இங்கே மணற்குழி என்று எதுவுமே இல்லை, எல்லா மணலிலும் மட்டையை ஊன்றலாம். அதே போட்டி, அதே விதிநூல். மாறியது உள்ளூர்த் தாள்.

அப்படியென்றால் கமிட்டி நினைத்ததையெல்லாம் விதியாக்கலாமா? தெருவில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுக்கு அந்த உரிமை உண்டு. எதிர்வீட்டு மாடியில் விழுந்தால் அவுட், ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட் கேட்ச் என்று மட்டைக்காரன் வரும்போதே பேசி முடித்துவிடுவார்கள். கோல்ஃப் கமிட்டிக்கு அது இல்லை. எழுதக்கூடிய உள்ளூர் விதிகளின் மாதிரிகளை உலக அமைப்புகளே வகுத்துத் தந்திருக்கின்றன; பெரும்பாலும் அதற்குள்ளேயே தேர்ந்தெடுக்க வேண்டும். பொது விதி பிடிக்கவில்லை என்பதற்காக அதைத் தள்ளிவைக்க முடியாது. கிரீன்வரை நீளும் ஃபேர்வே புல்பரப்பில் யாரோ பெயர்த்த பள்ளத்தில் நம் பந்து போய் உட்காருவதைவிட எரிச்சலான விஷயம் ஆட்டத்தில் இல்லை. ஆனாலும் அதற்குப் பொதுச்சலுகை தர எந்தக் கமிட்டிக்கும் அதிகாரம் இல்லை.

மழைக்காலத்தில் இந்த வரம்பு நன்றாகத் தெரியும். மணற்குழி நிரம்பித் தண்ணீர் நின்றால், 'இந்த மணற்குழி பழுதுபார்க்கும் நிலம்' என்று குறிப்பிட்ட ஒன்றைச் சொல்லி அறிவிக்கலாம். 'தண்ணீர் நிற்கும் எல்லா மணற்குழிகளும்' என்று ஒட்டுமொத்தமாக எழுதக் கூடாது. ஃபேர்வே சேறாகிவிட்டால் பந்தை எடுத்து, துடைத்து, இலக்குக் குழிக்கு இன்னும் அருகே போகாமல் குறிப்பிட்ட தூரத்துக்குள் வைத்து ஆடலாம் என்று ஒரு விதி உண்டு. ஆட்டக்காரர்கள் அதைப் 'பிரிஃபர்டு லைஸ்' என்பார்கள். எத்தனை தூரம் என்பதைத் தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும்; ஓரிடத்தில் ஆறு அங்குலம், ஓரிடத்தில் ஒரு மட்டை நீளம். ஒருமுறை வைத்துவிட்டால் அவ்வளவுதான், மறுபடி மாற்றக் கூடாது. 2016இல் பால்டஸ்ராலில் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்றிலேயே இதை அமலாக்கினார்கள். பெரிய போட்டியில் பந்தைக் கையால் தொடவிடலாமா என்று பலர் முகம் சுளித்தார்கள். மைதானம் காய்ந்த பின்னும் விலக்கிக்கொள்ளாமல் மாதக்கணக்கில் இதை விட்டுவைப்பதுதான் உண்மையான தப்பு.

விலங்குகள் பற்றிய உள்ளூர் விதிகள்தான் அதிகம் பேசப்படுபவை. உகாண்டாவின் ஜின்ஜா மைதானத்தில் நீர்யானையின் கால்தடத்தில் விழுந்த பந்தை எடுத்துப் போடலாம் என்ற விதி புகழ்பெற்றது. கொல்கத்தாவில் குரங்கு பந்தைத் தூக்கிப்போனால் அது போட்ட இடத்திலிருந்து ஆட வேண்டும் என்றொரு கதையைக் கோல்ஃப் மேடைகளில் சொல்வார்கள். விதி அதற்கு நேர் எதிர். நின்ற பந்தைக் குரங்கோ நாயோ காகமோ நகர்த்தினால் பழைய இடத்தில் திருப்பி வைத்துத்தான் ஆட வேண்டும். பாம்பு, கொட்டும் தேனீ, முதலை, கரடி பக்கத்தில் இருந்தால் பாதுகாப்பான இடத்தில் அபராதமின்றிப் போட்டுக்கொள்ள இப்போது பொது விதியே இடம் தருகிறது. முள்செடிக்கு அந்தச் சலுகை இல்லை. கொடைக்கானல் போலக் காட்டெருமை மேயும் மலை மைதானங்களுக்கு, குளம்பு பதிந்த பள்ளத்திலிருந்து பந்தை எடுக்கும் மாதிரி விதி ஒன்று தயாராக இருக்கிறது.

என்னை மிகவும் பாதித்த உள்ளூர் விதி 1940இல் எழுதப்பட்டது. லண்டனை அடுத்த ரிச்மண்ட் கோல்ஃப் கிளப். ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த காலம். தற்காலிக விதிகள் என்று கமிட்டி ஒரு தாள் ஒட்டியது. புல்வெட்டும் இயந்திரம் கெடாமலிருக்கக் குண்டுச்சில்லுகளைப் பொறுக்கி எடுங்கள். போட்டியின் நடுவே குண்டு விழுந்தால் அபராதமின்றி ஒளிந்துகொள்ளலாம். இன்னும் வெடிக்காத குண்டு கிடக்கும் இடத்தில் சிவப்புக்கொடி இருக்கும். எதிரியால் பந்து நகர்ந்தால் திருப்பி வைக்கலாம், அழிந்தால் வேறு பந்து போடலாம். கடைசியாக ஒன்று: மட்டையை வீசும் நொடியில் குண்டு வெடித்துக் குறி தவறினால் அதே இடத்திலிருந்து இன்னொரு பந்து ஆடலாம், ஆனால் ஒரு ஸ்ட்ரோக் அபராதம். இதை வேடிக்கையாகச் சொல்வதே வழக்கம். எனக்கு அது வேடிக்கையாகப் படுவதில்லை. தலைக்கு மேல் விமானம் சுற்றும்போதும், வீசிய வீச்சைக் கணக்கில் சேர்க்காமல் விடக் கூடாது என்று ஒரு கமிட்டி உட்கார்ந்து யோசித்திருக்கிறது.

சாதாரண ஆட்டக்காரருக்கு அண்மைக்காலத்தில் கிடைத்த மிகப் பெரிய உதவியும் உள்ளூர் விதிதான். பந்து தொலைந்தாலோ எல்லைக்கு வெளியே போனாலோ, பழைய இடத்துக்கே நடந்துபோய் ஒரு ஸ்ட்ரோக் அபராதத்தோடு மறுபடி அடிக்க வேண்டும் என்பது பொது விதி. தொடக்க இடமான டீயிலிருந்து அடித்தது தொலைந்தால் திரும்பி வந்து அடிப்பது மூன்றாவது. பின்னால் இரண்டு குழு காத்துக்கொண்டு நிற்கும். 2019இல் வந்த மாதிரி விதிப்படி, கமிட்டி ஒப்பினால், பந்து தொலைந்த இடத்தின் நேரே ஃபேர்வே ஓரம்வரை வந்து இரண்டு ஸ்ட்ரோக் அபராதத்தோடு போட்டுக்கொள்ளலாம். அடுத்து அடிப்பது நான்காவது. திரும்பிப் போய் நேராக ஒரு பந்து அடித்திருந்தால் என்ன கணக்கு வருமோ அதேதான் வருகிறது. நடையும் காத்திருப்பும் மிச்சம். தொழில்முறைப் போட்டிகளுக்கு இது கிடையாது. கிளப் ஆட்டத்தில் இதை அமலாக்காத கமிட்டிகள் அமலாக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

டஸ்டின் ஜான்சனுக்குத் திரும்புவோம். 2016 ஜூன், ஓக்மான்ட்டில் யுஎஸ் ஓபன், கடைசிச் சுற்று. ஐந்தாம் கிரீனில் அவர் அடிக்கத் தயாராகும்போது பந்து மயிரிழை அசைந்தது. தான் அசைக்கவில்லை என்று அங்கேயே அதிகாரியிடம் சொன்னார். ஏழு குழி தள்ளி, 12ஆம் டீயில், ஆட்டம் முடிந்தபின் அபராதம் வரக்கூடும் என்று அவரிடம் சொல்லப்பட்டது. தன் ஸ்கோர் என்னவென்று தெரியாமலே மீதிக் குழிகளை ஆடினார். ஒரு ஸ்ட்ரோக் அபராதம் விழுந்தது. அதையும் தாண்டி மூன்று ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார்.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே இரு அமைப்புகளும் புதிதாக ஒரு உள்ளூர் விதியை அறிவித்தன. கிரீனில் தற்செயலாகப் பந்தை அசைத்தால் அபராதம் இல்லை. 2017 ஜனவரி 1 முதல் விரும்பும் கமிட்டிகள் தங்கள் தாளில் அதைச் சேர்த்துக்கொண்டன. இரண்டு ஆண்டு ஆடிப் பார்த்தபின் 2019இல் அது தாளிலிருந்து விதிநூலுக்குள் போனது. இன்று ஊட்டியிலோ நுவரெலியாவிலோ கிரீனில் நிற்கும் பந்தைக் காலால் இடறிவிட்டவர், அதை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டுத் தன் அடியை அடிக்கலாம்.