பத்து விநாடித் துடுப்பு

ஹவாயின் வைகிகிக் கடற்கரையில் அலைச்சறுக்கு வீரர் பலகைமேல் நின்றபடி அலையோடு வருவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஆனால் கடலில் அவர் கழிக்கும் நேரத்தில் அப்படி நிற்பது பத்தில் ஒரு பங்குகூட இராது. ஏறக்குறையப் பாதி நேரம் குப்புறப் படுத்துக் கையால் நீரைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். அலை நெருங்கியதும் சில விநாடிகள் முழு மூச்சாகத் தள்ளவேண்டும். பலகையின் வேகம் போதாவிட்டால் அலை அவரை விட்டுவிட்டுப் போய்விடும்!

நீரில் வேகம் மலிவாகக் கிடைப்பதில்லை. வேகம் இரு மடங்கானால் தடை சுமார் நான்கு மடங்காகிறது. திறனோ எட்டு மடங்கு வேண்டும். இதற்கு மூச்சில் வரும் ஆக்சிஜனை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது. தசையில் கிரியாட்டின் பாஸ்பேட் என்றொரு சேமிப்பு உண்டு. முழு வேகத்தில் அது பத்து விநாடி போலத்தான் தாங்கும். ஓய்வெடுத்தால் அரை நிமிடத்தில் பாதியளவும், சில நிமிடங்களில் பெரும்பாலும் முழுவதும் மீண்டுவிடும். அப்படி மீட்டுத் தருவது ஆக்சிஜன்தான்.

அலையற்ற நாட்களில் சிலர் அகன்ற பலகைமேல் நின்று, நீண்ட துடுப்பால் பத்து விநாடி பாய்கிறார்கள், பிறகு மெல்லப் போகிறார்கள், மறுபடி பாய்ச்சல். காரணம் இப்போது புரிகிறதல்லவா? ஓய்வைக் குறைத்தால் சேமிப்பு நிரம்புமுன்பே அடுத்த பாய்ச்சல் வந்துவிடும். இதயமும் நுரையீரலும் கூடுதலாக உழைத்துப் பழகுகின்றன.

ஒரு குறையும் உண்டு. நின்று துடுப்புப் போடுகையில் காலும் இடுப்பும் முதுகும் சேர்ந்து உழைக்கின்றன. படுத்துத் தள்ளும்போது பாரம் பெரும்பாலும் தோளுக்கே. துடுப்பை மட்டும் நம்பியவர், அலை திரும்பிய முதல் நாள் தோள்வலியோடு கரையேறினால் வியப்பில்லை.