கார்சன் கண்ட வேகம்

தன் கையால் கட்டிய விமானத்தில் தானே ஏறிப் பறப்பது அமெரிக்காவில் பல்லாயிரம் பேரின் பொழுதுபோக்கு. 1970களில் பர்ட் ரூட்டான் மொஹாவி பாலைவனத்தில் வடிவமைத்த வேரிஈஸியும், அதன் பின் வந்த லாங்ஈஸியும் அவர்களிடையே பெரும் புகழ் பெற்றவை. நுரைக் கட்டியைச் சீவி, மேலே கண்ணாடியிழைத் துணியை ரெசினால் ஒட்டினால் இறக்கை தயார். அப்படிக் கட்டியவர் பெட்ரோல் மிச்சம் பிடிக்க எந்த வேகத்தில் பறக்க வேண்டும்?

மெதுவாக என்றுதான் தோன்றும். ஆனால் காற்று விமானத்தை இரண்டு விதமாகப் பின்னுக்கு இழுக்கிறது. உடலில் மோதி உரசும் இழுவை, வேகம் இருமடங்கானால் நான்கு மடங்காகும். எடையைத் தூக்கி நிறுத்த இறக்கை கொடுக்கும் விலை இன்னொன்று. வேகம் குறையக் குறைய மூக்கை உயர்த்திக் காற்றை இன்னும் பலமாகக் கீழே தள்ள வேண்டியிருப்பதால், அது ஏறிக்கொண்டே போகும். இரண்டும் சமமாகும் வேகத்தில் மொத்த இழுவை மிகக் குறைவு. அதுவே சிக்கன வேகம்.

ஆனாலும் அந்த வேகத்தில் பயணம் போகிறவர்கள் அரிது. தரையிலிருந்து எழும்பவும் உயரம் ஏறவும் தேவைப்படுகிற சக்திக்கு ஏற்பத்தான் என்ஜினைப் பொருத்துகிறார்கள். சிக்கன வேகத்தில் அதில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். 1980இல் அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகப் பேராசிரியர் கார்சன் இதைத் தலைகீழாகக் கேட்டார்: கூடுதலாக எரிக்கும் பெட்ரோலுக்கு அதிகப் பலன் தரும் வேகம் எது? இழுவையை வேகத்தால் வகுத்து, ஈவு மிகச் சிறிதாகும் இடத்தைத் தேடினால் விடை கிடைக்கும். சிக்கன வேகத்தைப் போல் சுமார் 1.32 மடங்கு. வேகம் 32 சதவீதம் கூட, இழுவை கூடுவதோ 15 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். மூன்றின் வர்க்கமூலத்துக்கு மறுபடி வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண் இது. விமானத்தின் எடையோ இறக்கையின் நீளமோ இந்த எண்ணை அசைப்பதில்லை என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு.

எடை அசைப்பது சிக்கன வேகத்தை. 1986 டிசம்பரில் டிக் ரூட்டானும் ஜீனா யேகரும் வாயேஜர் என்ற விமானத்தில் எங்கும் நிற்காமல், நடுவில் எரிபொருள் நிரப்பாமல், ஒன்பது நாளில் உலகைச் சுற்றினார்கள். கிளம்பும்போது இருந்த எடையில் ஏறத்தாழ 72 சதவீதம் எரிபொருள்! அது எரிந்து தீரத் தீர, விமானத்தின் சிக்கன வேகம் தொடக்கத்தில் இருந்ததில் பாதியை நெருங்கும் அளவுக்கு இறங்கியது. பயணத்தின் பெரும்பகுதிக்கு முன் என்ஜினை அணைத்துவிட்டுப் பின் என்ஜினால் மட்டுமே பறந்தார்கள்.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க உயரமும் கைகொடுக்கும். மேலே காற்று மெலிவதால் அதே இழுவையில் கூடுதல் வேகம் கிடைக்கிறது. த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்தாலும் என்ஜின் அளவான சக்தியையே தரும். என்ஜினுக்குள் போகும் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோலைக் குறைத்து மெலிதாக்கவும் செய்யலாம். மெலிந்த கலவை மெதுவாக எரியும், ஆகவே தீப்பொறி சற்று முன்னதாக விழ வேண்டும். தீப்பொறி விழும் நேரத்தை மாற்றத் தெரியாத பழைய மேக்னெட்டோவை எடுத்துவிட்டு மின்னணுப் பற்றவைப்பைப் பலர் பொருத்துவது அதனால்தான்.

தொழிற்சாலை விமானத்தில் இப்படிக் கைவைக்க முறையான அனுமதி வேண்டும். சொந்தமாகக் கட்டியவருக்கு அந்தத் தடை மிகக் குறைவு. சக்கரத்துக்கு உறை போடுவார், இடுக்குகளை அடைப்பார், என்ஜினைக் குளிர்விக்கும் காற்று நுழையும் வாயைச் சுருக்கிப் பார்ப்பார். உடலின் இழுவை இறங்கும்போது செலவு மட்டும் குறைவதில்லை, சிக்கன வேகமே உயர்ந்துவிடுகிறது. கார்சனின் வேகமும் அதோடு சேர்ந்து ஏறும்.