பத்திரப் பதிவும் சொத்துரிமையும்: வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

ஓய்வு பெறும் அரசு ஊழியர் ஒருவர் தம் பணிக்கொடையையும் சேமநிதியையும் கொண்டு நகரின் புறத்தே ஒரு வீட்டு மனையை வாங்குகிறார் என்று கொள்வோம். முத்திரைத் தீர்வை செலுத்தப்படுகிறது. சார்பதிவாளர் முன்னிலையில் ஆவணம் ஒப்புக்கொள்ளப்படுகிறது. சில நாட்களில் அரசு முத்திரையுடன் கிரயப் பத்திரம் கைக்கு வந்து சேருகிறது. அரசாங்கமே தம் உரிமையை உறுதி செய்துவிட்டது என்று அவர் கருதுவது இயல்பே. ஆனால் அரசாங்கம் அவ்வாறு எதையும் உறுதி செய்யவில்லை. இன்னார் இன்னாருக்கு இச்சொத்தை விற்றதாக ஓர் ஆவணம் எழுதிக் கொடுத்தார் என்பதை மட்டுமே பதிவேடு கூறுகிறது. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பது பற்றி அது வாய் திறப்பதில்லை.

நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் மூலமே விற்க இயலும் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு. அப்பதிவு நடைபெறும் முறையை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் வகுக்கிறது. இவ்விரு சட்டங்களிலும், விற்பவரின் உரிமையை ஆராய்ந்து தீர்ப்புக் கூறும் பொறுப்பு சார்பதிவாளரிடம் ஒப்படைக்கப்படவில்லை. விற்பவர் தம் உரிமையை மெய்ப்பிக்காவிடில் பதிவை மறுக்கலாம் என்று தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் சேர்க்கப்பட்டிருந்த ஒரு விதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாது என அறிவித்தபோதும், உரிமையை ஆராய்வது பதிவு அலுவலரின் பணியன்று என்பதே காரணமாகக் கூறப்பட்டது.

இந்நிலை எல்லா நாடுகளிலும் இல்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858இல் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறையில், பதிவேட்டில் உள்ள பெயரே உரிமைக்குச் சான்று. அதற்கு அரசே உத்தரவாதம் அளிக்கிறது. அத்தகைய முறையை இந்தியாவும் மேற்கொள்ள வேண்டும் என்று திட்டக் குழுவுக்கு டி. சி. வாத்வா 1989இல் பரிந்துரை செய்தார். 2008இல் தொடங்கி, பின்னர் டிஜிட்டல் இந்தியா நில ஆவண நவீனமயத் திட்டம் எனப் பெயர் மாறிய மத்திய அரசின் திட்டமும் அத்திசையையே நோக்கியது. எனினும் கணிப்பொறியில் ஏறியவை பெரும்பாலும் பழைய ஏடுகளே. ஏட்டில் இருந்த பிழை கணிப்பொறியிலும் பிழையாகவே இருக்கும்.

ஆகவே, உரிமை மூலத்தை ஆராயும் பொறுப்பு வாங்குபவர் தலையிலேயே விழுகிறது. சொத்தின் குறைகளை விற்பவர் நன்கு அறிவார், வாங்குபவர் அறியார். பழைய மோட்டார் வண்டிச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தகைய அறிவு ஏற்றத்தாழ்வு சந்தையையே கெடுக்கும் என்று பொருளியலறிஞர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் 1970இல் விளக்கினார். மனைச் சந்தையில் இந்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பவர் வாங்குபவர் அமர்த்தும் வழக்கறிஞரே.

எத்தகைய வழக்கறிஞர்?

இங்கிலாந்தில் சொத்து மாற்றப் பணிக்கெனச் சொலிசிட்டர் என்னும் தனி வகுப்பினர் உண்டு. பம்பாய், கல்கத்தா உயர் நீதிமன்றங்களிலும் அட்டர்னி என்ற பெயரில் அத்தகையோர் இருந்தனர். 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் அவ்வகுப்பு நீங்கிற்று. இன்று 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின்கீழ் வழக்கறிஞர் என்ற ஒரே வகுப்புதான். எனவே, குற்ற வழக்குகளில் பெயர் பெற்றவரும், முப்பது ஆண்டுப் பத்திரங்களைப் பொறுமையுடன் படிப்பவரும் பெயர்ப் பலகையில் ஒன்றுபோலவே தோன்றுவர். வழக்கறிஞர் மன்ற விதிகள் விளம்பரத்தைத் தடை செய்வதால் விளம்பரம் பார்த்தும் தெரிந்துகொள்ள இயலாது. அண்மையில் அப்பகுதியில் சொத்து வாங்கியவர், ஓய்வு பெற்ற சார்பதிவாளர், வங்கி மேலாளர் ஆகியோரைக் கேட்டறிவதே வழி. மாநில வழக்கறிஞர் மன்றத்தில் அவர் பதிவு பெற்ற எண்ணையும் கேட்டுக்கொள்ளலாம். இதனால் எவரும் புண்படுவதற்கில்லை.

ஆவண எழுத்தரையும் வழக்கறிஞரையும் ஒன்றாகக் கருதுவோர் பலர். ஆவண எழுத்தர் பத்திரத்தை முறைப்படி எழுதித் தருபவர். நெடுநாள் அனுபவத்தால் பல நுட்பங்களை அறிந்திருப்பவரும் கூட. ஆயினும் உரிமை மூலத்தை ஆராய்ந்து எழுத்து மூலம் கருத்துரைத்து, அதற்குப் பொறுப்பேற்பது அவர் தொழிலன்று.

உள்ளூர் வழக்கறிஞர் ஏன் வேண்டும் என்பதற்குக் கர்நாடகம் தெளிவான எடுத்துக்காட்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு அரசு வழங்கிய நிலங்களை நிபந்தனைக்கு மாறாக விற்பது செல்லாது என்றும், அவற்றை மீட்டு உரியவருக்கே அளிக்கலாம் என்றும் அம்மாநிலத்தின் 1978ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அச்சட்டம் வருவதற்கு முன்பே நடந்த விற்பனைகளையும் அது பற்றும். அச்சட்டம் செல்லும் என உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. நிலத்தை மீட்க விண்ணப்பிப்பதற்குக் காலவரம்பில்லை என 2023இல் திருத்தமும் செய்யப்பட்டது. ஏழை உழவரிடமிருந்து அற்ப விலைக்கு நிலம் பறிபோவதைத் தடுக்கும் நியாயமான சட்டம் இது. ஆனால் அந்நிலம் நான்கு கை மாறி, மனைகளாகப் பிரிந்து, பெங்களூருவின் புறநகரில் விற்பனைக்கு வரும்போது, வாங்குபவர் காணும் அண்மைக்காலப் பத்திரங்களில் முதல் வழங்கலைப் பற்றிய குறிப்பே இல்லாதிருக்கலாம். உள்ளூர் வழக்கறிஞரின் முதல் கேள்வியே, "இந்நிலம் முதலில் யாருக்கு, எந்த நிபந்தனையின்பேரில் வழங்கப்பட்டது?" என்பதாக இருக்கும். வெளியூர் வழக்கறிஞர் எவ்வளவு கற்றவராயினும் இக்கேள்வி அவருக்குத் தோன்றாமற் போகலாம்.

பிற மாநிலங்களிலும் இவ்வாறே. சோட்டா நாகபுரிப் பகுதியில் 1908ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டம் பழங்குடியினர் நிலம் கைமாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. இமாசலப் பிரதேசத்தில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, வேளாண் தொழில் செய்யாதவர் அரசு அனுமதியின்றி நிலம் வாங்குவதைத் தடுக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஏழு-பன்னிரண்டு, பஞ்சாபிலும் ஹரியானாவிலும் ஜமாபந்தி, கர்நாடகத்தில் கத்தா, வங்காளத்தில் கத்தியான் என ஆவணங்களின் பெயரும் வடிவமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. வருவாய்த் துறை ஏட்டிலோ நகராட்சி வரி ஏட்டிலோ ஒருவர் பெயர் இருப்பதனால் மட்டுமே உரிமை பிறந்துவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. சார்பதிவக எல்லைகள் பிரிக்கப்படும்போது பழைய புத்தகங்கள் பழைய அலுவலகத்திலேயே தங்கிவிடுவதும் உண்டு. எந்த ஆண்டுக்கு எந்த அலுவலகத்தில் தேட வேண்டும் என்பதை அங்கேயே நடமாடுபவர்தாம் அறிவார்.

தகுதிக்கு அடுத்து நோக்க வேண்டியது சார்பின்மை. தரகர் காட்டும் வழக்கறிஞர், விற்பவருக்கும் சேர்த்து வேலை செய்பவர், மனைப் பிரிவு நிறுவனத்தின் வழக்கறிஞர் ஆகிய மூவரும் நேர்மையாளராகவே இருக்கலாம். ஆயினும் அவர்கள் வாங்குபவரின் வழக்கறிஞர் ஆகார். "வங்கி கடன் தர இசைந்துவிட்டது, எனவே சொத்து சுத்தமானது" என்ற வாதமும் அவ்வளவு வலுவுள்ளதன்று. வங்கியின் வழக்கறிஞர் கருத்துரைப்பது வங்கிக்கு. கடன் தொகைக்கு ஈடு உண்டா என்பதே வங்கியின் கவலை. வாங்குபவரோ கடனுக்கு மேல் தம் சேமிப்பையும் இடுகிறார். 2012இல், வங்கிக்குத் தவறான கருத்துரை தந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட வழக்கறிஞர் ஒருவரின் வழக்கில், சதியில் பங்கு கொண்டமைக்குச் சான்று இல்லாதபோது கவனக்குறைவு மட்டுமே குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. சட்டப்படி அது சரியே. ஆனால் பிறருக்காக எழுதப்பட்ட கருத்துரையை நம்புவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கட்டணம் குறித்து ஒரு சொல். பதிவு நடந்தேறினால்தான் கட்டணம் என்று பேசிக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. செலவு மிச்சம் போல் தோன்றினும், "வாங்க வேண்டாம்" என்று சொல்லும் வழக்கறிஞர் தம் வருவாயைத் தாமே இழக்கும் ஏற்பாடு இது. ஆவணங்களை ஆராய்வதற்கு ஒரு தொகை, பத்திரம் எழுதிப் பதிவு செய்து தருவதற்கு வேறொரு தொகை எனப் பிரித்துப் பேசுவதே முறை.

முன்பணத்துக்கு முன்னர்

காலவரிசைதான் இதில் மிகவும் இன்றியமையாதது. முன்பணம் கொடுத்துவிட்டு வழக்கறிஞரிடம் செல்பவர், கொடுத்த பணத்தை மீட்கும் கவலையுடன் செல்கிறார். குறைகளைக் கேட்க அவருக்கு மனம் வருவதில்லை. வேறு ஒருவர் வாங்கிவிடுவார் என்று தரகர் விரைவுபடுத்தினால், சிறு தொகை மட்டும் கொடுத்து, உரிமை மூலம் திருப்தியளிக்காவிடில் அத்தொகை திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். பதிவுக்குரிய குடியிருப்புத் திட்டங்களில், பதிவு செய்யப்பட்ட விற்பனை உடன்படிக்கை இன்றி விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் பெறுவதை 2016ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டமே தடை செய்கிறது.

வழக்கறிஞரிடம் கொடுக்க வேண்டியவை அண்மைய பத்திரத்தின் நகலோடு முடிவதில்லை. 30 ஆண்டுகளுக்கேனும் இடைவெளியின்றித் தொடரும் தாய்ப் பத்திரங்கள், அதே காலத்துக்குரிய வில்லங்கச் சான்றிதழ், வரி ரசீதுகள், விற்பவர் குடும்பத்தின் வம்சாவளி ஆகியவை வேண்டும். இவற்றுள் வம்சாவளியைத்தான் பலர் அசட்டை செய்கின்றனர். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குரிய பங்கு உண்டு. தந்தை அன்று உயிருடன் இருந்தாரா என்பது இதற்குத் தடையாகாது என உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. மணமாகி வெளியூர் சென்ற சகோதரியின் கையொப்பம் இல்லாத பத்திரம் பின்னாளில் பாகப்பிரிவினை வழக்காக முளைக்கும். மைனரின் பங்கு இருப்பின், நீதிமன்ற அனுமதி பெறப்பட்டதா என்பதையும் நோக்க வேண்டும்.

வில்லங்கச் சான்றிதழில் "இல்லை" என்று வந்தால் எல்லாம் தெளிவாயிற்று என்பது பரவலான தவறு. பதிவேட்டின் முதற் புத்தகத்தில் ஏறிய ஆவணங்களை மட்டுமே அது காட்டும். உயில் அதில் இராது. நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கு பொதுவாக இராது. ஆனால் வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். மூலப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்துக் கடன் பெறும் ஈடு, பதிவின்றியே செல்லுபடியாகக் கூடியது. எனவே மூலப் பத்திரத்தைக் கண்ணால் காணாமல் நகலைக் கொண்டு திருப்தியடையும் வழக்கறிஞரை மாற்றிவிடுவது நல்லது. "பத்திரம் தொலைந்துவிட்டது" என்ற விடை வந்தால், வங்கிகள் பதிவு செய்யும் ஈட்டு விவரங்களுக்காக 2011இல் அமைக்கப்பட்ட மத்தியப் பதிவகத்தில் தேடுமாறு கேட்க வேண்டும். பொது அதிகாரப் பத்திரம், உடன்படிக்கை, உயில் ஆகிய மூன்றையும் சேர்த்து விற்பனைபோல் நடத்தும் வழக்கம் தில்லியிலும் சுற்றுப்புறங்களிலும் பெருகியிருந்தது. அதனால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது.

வழக்கறிஞர் தாளைப் படிப்பார்; மண்ணில் நடக்க வேண்டியவர் வாங்குபவரே. ஒருவர் அனுபவத்தில் உள்ள நிலத்தை வாங்குபவர், அவருக்குரிய உரிமையை அறிந்தே வாங்கியதாகச் சட்டம் கொள்ளும். ஆகவே மனையில் குடிசை போட்டிருப்பவர் யார், தோட்டத்தைப் பயிரிடுபவர் யார், அடுத்த மனைக்காரர் எல்லையை எங்கே காட்டுகிறார் என்று விசாரித்து வழக்கறிஞரிடம் கூற வேண்டும். பம்பாய், பெங்களூரு முதலிய நகரங்களில் ஆட்சேபணை கோரி நாளிதழ்களில் அறிவிப்பு வெளியிடுவதும் உண்டு. அதனால் உரிமை உறுதியாகிவிடாது. மறைந்திருக்கும் பங்காளி வெளிப்பட அது ஒரு வாய்ப்பு.

ஆய்வின் முடிவை எழுத்தில் பெறுவது கட்டாயம். பார்த்த ஆவணங்கள் எவை, மூலம் எவை, நகல் எவை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை தேடப்பட்டது, தேடியவர் வழக்கறிஞரா அவர் குமாஸ்தாவா, இன்னும் வர வேண்டியவை எவை என்பன அதில் இருக்க வேண்டும். "பிற ஆவணங்கள் கிடைத்தபின்" என்ற நிபந்தனையுடன் முடியும் கருத்துரை, இன்னும் ஆராய்ச்சி முடியவில்லை என்பதன் மறுபெயர். அவ்வாவணங்கள் வரும்வரை பணம் கொடுக்கலாகாது. எழுத்தில் இல்லாத அறிவுரையைப் பின்னர் மெய்ப்பிப்பது கடினம். வழக்கறிஞர் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வாராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதத்தில் தீர்ப்பளித்துவிட்டமையால், குறையுள்ளோர் மாநில வழக்கறிஞர் மன்றத்தில் முறையிடலாம், அல்லது உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரலாம். இரண்டுக்குமே தாள் வேண்டும்.

கிரயப் பத்திரத்தின் வரைவைப் பதிவு நாளன்று காலையில் முதன்முறையாகப் பார்ப்பது நம்மவரிடையே சாதாரணம். குறைந்தது ஒரு வாரம் முன்னர் அதனைப் பெற்று, நான்கெல்லை, சர்வே எண், அளவு, பாதை உரிமை ஆகியவற்றை நேரில் ஒப்பிட வேண்டும். உரிமையில் குறை வெளிப்பட்டால் விற்பவர் ஈடு செய்வார் என்ற உறுதிமொழி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பதிவு முடிந்தபின் வருவாய் ஏட்டிலும் நகராட்சி ஏட்டிலும் பெயர் மாற்ற விண்ணப்பிப்பது, தாய்ப் பத்திரங்களை ரசீதுடன் பெற்றுக்கொள்வது ஆகிய இரண்டையும் வழக்கறிஞரின் பணியிலேயே தொடக்கத்தில் சேர்த்துவிட வேண்டும். இல்லையேல் இவை எவர் பணியுமாகாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.