வீட்டை விற்குமுன்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சொன்ன பெரியவர்கள், வீட்டை விற்றுப் பார்க்கும்படி சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் வீட்டை விற்பது குடும்பத்துக்கே ஒரு குறைவு என்று கருதப்பட்டது. கடன் தொல்லை தாங்காதவர்தாம் விற்பார்கள். அதையும் அண்டை அயலாருக்குத் தெரியாமல் முடித்துவிடப் பார்ப்பார்கள். இன்று நிலைமை வேறு. பிள்ளை பெங்களூரில் இருக்கிறான். பெண் அமெரிக்காவில் இருக்கிறாள். கும்பகோணத்து வீட்டில் விளக்கேற்ற ஆள் இல்லை. ஓடு சரிந்து, கிணறு தூர்ந்து போவதற்கு முன்னால், அங்கே வாழ விரும்பும் ஒருவரிடம் வீட்டை ஒப்புவிப்பது விவேகமே. ஆனால் அந்தக் காரியத்தை நாம் எங்கிருந்து தொடங்குகிறோம்?

நம்மில் பெரும்பாலோர் தரகரிடமிருந்து தொடங்குகிறோம். உண்மையில் தொடங்கவேண்டிய இடம் சகோதரியின் வீடு.

தகப்பனார் தாமே சம்பாதித்துக் கட்டிய வீடு. உயில் எழுதாமல் காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டத்தின்படி அவருடைய மனைவி, தாயார், புதல்வர், புதல்வியர் யாவருக்கும் அதில் சம பாகம் உண்டு. பிதுரார்ஜித ஆஸ்தியிலும் மகளுக்கு மகனோடொத்த பாத்தியதையை, அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்குத் தமிழ்நாடு 1989லேயே வழங்கியது. 2005ல் மத்தியச் சட்டம் அதைத் தேசம் முழுவதற்கும் பொதுவாக்கியது. "கல்யாணத்தில்தான் நகையும் சீரும் செய்துவிட்டோமே!" என்று சொல்லும் அண்ணன்மார் இன்னும் இருக்கிறார்கள். சீர் வேறு, பாகம் வேறு. தங்கையின் கையெழுத்து இல்லாமல் விற்ற வீடு பாதி விற்ற வீடுதான். பத்து வருஷம் கழித்து வழக்கு வந்தால், வாங்கியவரும் விற்றவரும் சேர்ந்தே கோர்ட்டுப் படி ஏறவேண்டியிருக்கும். அதைவிடத் துயரம், பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வரிசை எதிர்பார்க்கும் ஒரு பெண்ணின் மனம் அன்றோடு முறிந்துபோவது.

ஆகையால் முதலில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசவேண்டும். பாகத்தை விட்டுக்கொடுக்க மனமுவந்து இசைபவர் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யட்டும். மற்றவர்கள் விற்போராகவே கையெழுத்திடட்டும். வெளிநாட்டில் இருப்பவர் அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இங்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்திவிடவேண்டும்.

அடுத்தது பழைய பெட்டியைத் திறப்பது. மூலப் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, மின்சாரக் கட்டண ரசீது ஆகியவற்றை ஒன்று சேர்க்கவேண்டும். வில்லங்கச் சான்றை வாங்குபவர் கேட்குமுன் நாமே எடுத்துப் பார்த்துவிடுவது நலம். அதில் பதிவான விவகாரங்கள் மட்டுமே தெரியும் என்பதை மறக்கலாகாது. நான்கெல்லைகளும் அளவும் பத்திரத்தில் ஒரு விதம், தரையில் ஒரு விதமாக இருந்தால், அதைச் சரிசெய்துகொண்டு மேலே செல்லவேண்டும்.

பிறகு வீட்டைச் சீர் செய்யலாம். சுண்ணாம்பு அடிப்பதில் தவறில்லை. ஒழுகும் கூரையை மறைக்கச் சுண்ணாம்பு அடிப்பதுதான் தவறு. பார்த்தவுடன் புலப்படாத பெருங்குறை இருந்தால் அதை விற்பவரே சொல்லவேண்டும் என்று 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் விதிக்கிறது. ஐப்பசி மழையில் பின்கட்டில் தண்ணீர் நிற்குமானால் சொல்லிவிடுங்கள். விலை சற்றுக் குறையலாம், தூக்கம் குறையாது.

விலை பேசும்போதுதான் பெரிய சோதனை வருகிறது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலிலிருந்து கிரயத்துக்கு நூற்றுக்கு 7 ரூபாய் முத்திரைத் தீர்வையும் 2 ரூபாய் பதிவுக் கட்டணமும் உண்டு. வழக்கமாக இதைச் செலுத்துபவர் வாங்குபவர். எனவே, "பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் போடுவோம், மீதியைக் கையில் தருகிறேன்" என்பார். இசையவேண்டாம். வீடு விற்கும் தொகையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2015 முதல் தடுக்கப்பட்டிருக்கிறது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழும். சர்க்கார் நம்முடையது என்று பெருமை பேசிக்கொண்டு, அதன் பொக்கிஷத்தை நாமே ஏமாற்றுவது அழகல்ல.

விலை முடிந்ததும் முன்பணம் பெற்றுக் கிரய ஒப்பந்தம் எழுதவேண்டும். 2012 முதல் தமிழ்நாட்டில் இதையும் பதிவு செய்யவேண்டும். எத்தனை மாதத்தில் பாக்கித் தொகை வரவேண்டும், யாராவது பின்வாங்கினால் முன்பணம் என்னவாகும் என்பவை தெளிவாக இருக்கட்டும். ஒப்பந்தத்தால் மட்டும் வீடு கை மாறாது. கிரயப் பத்திரம் பதிவானால்தான் மாறும்.

கடைசியாகச் சார்பதிவாளர் அலுவலகம். பாக்கித் தொகை பாங்கில் சேர்ந்ததை நிச்சயித்துக்கொண்டு கையெழுத்திடவேண்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால், வாங்குபவர் நூற்றுக்கு 1 ரூபாய் வருமான வரியாகப் பிடித்துக் கட்டுவார். அது நம் கணக்கில் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். சாட்சிகள் இருவர் வருவார்கள். புகைப்படமும் விரல் ரேகையும் எடுப்பார்கள். கால் மணி நேரத்தில், மூன்று தலைமுறை வாழ்ந்த வீடு பிறருடையதாகிவிடும்.

சாவியைக் கொடுக்குமுன் சகோதரியையும் அழைத்துக்கொண்டு ஒரு முறை வீட்டைச் சுற்றி வாருங்கள். கூடம், முற்றம், கிணற்றடி எல்லாம் பார்த்துவிட்டு, இருவரும் ஒன்றாகவே வாசற்படி இறங்குங்கள். வீடு போனாலும் பிறந்தகம் போகவில்லை என்று அவள் உணர்ந்தால், அந்தக் கிரயம் நல்ல கிரயம்.